பழைய சுழல் கலப்பைகளை மீளமைத்தல்

பழைய சுழல் கலப்பைகளை மீளமைத்தல் என்பது, தேய்ந்தோ உடைந்தோ ஒதுக்கப்பட்ட சுழல் கலப்பைகளை, கழித்துப் போடப்பட்ட வேறு கலப்பைகளிலிருந்து எடுக்கப்படும் உதிரிப் பாகங்களைக் கொண்டு மீண்டும் உழவுக்கு ஏற்றவையாக ஆக்கும் வேலை ஆகும். சுழல் கலப்பை, டிராக்டர் எனப்படும் உழவு இயந்திரத்தின் பின்புறம் பூட்டப்பட்டு அதன் இயந்திரத் திறனாலேயே சுழலும் கருவியாகும். தமிழக உழவர்களிடையே இது ரோட்டவேட்டர் என்ற பெயரால் அறியப்படுகின்றது. உதிரி எங்கிருந்து கிடைத்தது என்பதை விட, எந்தப் பாகத்தைப் பழையதாகவே மீளப் பயன்படுத்தலாம், எதைப் புதிதாகவே வாங்க வேண்டும் என்று பிரித்தறிவதே இவ்வேலையின் வெற்றியைத் தீர்மானிக்கின்றது.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் வைப்பாற்றின் கரையில் அமைந்துள்ள சாத்தூரைச் சுற்றிலும் கரிசல் நிலங்கள் பரந்துள்ளன. இங்கு பருத்தி, மக்காச்சோளம், சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு முதலியவை பெரும்பாலும் மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. இச்சாகுபடி வடகிழக்குப் பருவமழையை நம்பியது. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் மழை விழுந்ததும் நிலத்தில் பதம் இருக்கும் சில நாட்களுக்குள் உழுது விதைக்க வேண்டும்.

கரிசல் மண்ணில் நீரை உறிஞ்சி விரியும் களித்தாதுக்கள் மிகுந்துள்ளன. ஈரம் மிகுந்தால் மண் கலப்பையில் அப்பிக்கொள்ளும். காய்ந்தால் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பதம் நீண்ட நாட்கள் நிற்பதில்லை. அந்த வாரத்தில் கலப்பையின் தாங்கி உடைந்து நின்றுவிட்டால், இழப்பு உடைந்த பாகத்தின் விலையோடு முடிவதில்லை. ஒரு பருவத்தின் விளைச்சலே குறையக்கூடும்.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களுக்கு ஆட்கள் செல்வதால் வேளாண் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிதாகியுள்ளது. இதனாலும் உழவு இயந்திரத்தை நம்பியிருக்கும் நிலை கூடியுள்ளது. சட்டிக் கலப்பையாலும் கொத்துக் கலப்பையாலும் பலமுறை உழ வேண்டிய நிலத்தைச் சுழல் கலப்பை ஓரிரு ஓட்டத்தில் தூளாக்கிவிடும். பருத்திமார், மக்காச்சோளத் தட்டை ஆகியவற்றை நறுக்கி மண்ணோடு கலப்பதற்கும் இது பயன்படுகின்றது. சிறு உழவர்களுக்கும், வாடகைக்கு உழவு ஓட்டுவோருக்கும் புதிய கலப்பை பெரும் முதலீடாக இருப்பதால், பழையதை மீளமைத்தல் ஒரு மாற்று வழியாக உள்ளது.

வரலாறு

சுழல் கலப்பையை உருவாக்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டு ஆவார். இவர் 1912 ஆம் ஆண்டில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கில்காண்ட்ரா என்னும் இடத்தில், தம் தந்தையின் பண்ணையில் இருந்த நீராவி உழவு இயந்திரத்தின் தண்டோடு கருவியை இணைத்துச் சோதனைகளைத் தொடங்கினார். தொடக்கத்தில் கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. சிறிய விட்டமுள்ள சுழலியில் ஆங்கில எல் எழுத்து வடிவக் கத்திகளைப் பொருத்தி அவர் இச்சிக்கலைத் தீர்த்தார். 1920 இல் காப்புரிமை பெற்று, 1922 இல் ஆஸ்திரேலியாவில் நிறுவனம் தொடங்கினார். 1938 இல் இங்கிலாந்திலும் நிறுவனம் அமைத்தார். ரோட்டவேட்டர் என்பது அவருடைய தயாரிப்பின் வணிகப் பெயராக இருந்து, பின்னர் இவ்வகைக் கருவிகள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று.

அமைப்பும் இயக்கமும்

சுழல் கலப்பையின் முதன்மைப் பாகங்கள் பின்வருமாறு:

- இணைப்புத் தண்டு: உழவு இயந்திரத்தின் திறன் கடத்தித் தண்டிலிருந்து கலப்பைக்குச் சுழற்சியைக் கொண்டு செல்கின்றது. இதன் இரு முனைகளிலும் பட்டறைகளில் கிராஸ் எனப்படும் மூட்டுகள் உள்ளன.
- பற்சக்கரப் பெட்டி: கிரவுன், பினியன் எனப்படும் கூம்புப் பற்சக்கர இணை மூலம் சுழற்சியின் திசையை 90 பாகை திருப்பி, வேகத்தைக் குறைக்கின்றது.
- பக்க இயக்கம்: பெட்டியிலிருந்து பக்கவாட்டில் வரும் சுழற்சியைச் சங்கிலி அல்லது பற்சக்கரங்கள் மூலம் கீழே உள்ள சுழலிக்குக் கொடுக்கின்றது.
- சுழலி: வட்டத் தகடுகள் பற்றவைக்கப்பட்ட குழாய்த் தண்டு. இத்தகடுகளில் கத்திகள் மரையாணிகளால் பூட்டப்படுகின்றன. 5 அடி அகலக் கலப்பையில் பொதுவாக 36 கத்திகளும், 6 அடியில் 42 கத்திகளும் இருக்கும்.
- மேல்மூடியும் பின்தகடும்: தெறிக்கும் மண்ணையும் கல்லையும் தடுத்து, மண்ணைச் சமப்படுத்துகின்றன.

திறன் கடத்தித் தண்டின் வழமையான வேகம் நிமிடத்திற்கு 540 சுற்றுகள் ஆகும். சுழலி ஏறத்தாழ 200 சுற்றுகள் சுழல்கின்றது. 30 கிலோவாட் திறன் கடத்தப்படும்போது 540 சுற்று வேகத்தில் முறுக்குவிசை சுமார் 530 நியூட்டன் மீட்டர். உராய்வு இழப்பைக் கணக்கில் கொள்ளாவிடின், அதே திறன் 200 சுற்று வேகத்தில் சுமார் 1,430 நியூட்டன் மீட்டராகப் பெருகுகின்றது. கத்தி ஒரு கல்லில் மோதும் கணத்தில் விசை இதை விடவும் கூடும். ஆகவே சுழல் கலப்பையின் பழுதுகளில் பெரும்பாலானவை பக்க இயக்கத்திலும் சுழலியின் தாங்கிகளிலும் தோன்றுகின்றன.

உதிரிப் பாகங்கள் கிடைக்கும் வழிகள்

ஒரே உற்பத்தியாளரின் ஒரே வகைக் கலப்பைகள் இரண்டு அல்லது மூன்றிலிருந்து நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றை உருவாக்குவதே எளிய வழியாகும். பழைய இரும்புக் கடைகளில் உடல் தகடு இற்றுப்போன கலப்பைகள் எடைக் கணக்கில் விற்கப்படுகின்றன. தகடு இற்றிருந்தாலும் உள்ளே பற்சக்கரப் பெட்டி நல்ல நிலையில் இருப்பது உண்டு. வண்டிகளுக்கு இத்தகைய உதிரிச் சந்தையாகச் சென்னை புதுப்பேட்டை பெயர் பெற்றுள்ளது.

உற்பத்தி நின்றுபோன இயந்திரங்களுக்குப் பழைய உதிரிகளை நாடுவதைத் தவிர்க்க இயலாது. எடுத்துக்காட்டாக, எச்.எம்.டி. நிறுவனத்தின் உழவு இயந்திரப் பிரிவை மூட 2016 ஆம் ஆண்டில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அவ்வியந்திரங்கள் ஓடும் ஊர்களில் உதிரிகளுக்குப் பிற பழைய இயந்திரங்களே துணையாக உள்ளன.

தாங்கிகளைப் பொறுத்தவரை நிலைமை வேறு. பேரிங் எனப்படும் தாங்கிகள் உலகத் தர அளவுகளில் செய்யப்படுவதால், கலப்பையின் உற்பத்தியாளர் இல்லாமற் போனாலும் புதியவை கடைகளில் கிடைக்கின்றன. தாங்கியின் வளையத்தில் பொறிக்கப்பட்ட எண்ணே அதன் அளவைச் சொல்லும். பந்துத் தாங்கி 6308 என்பதில் இறுதி இரு இலக்கங்களை 5 ஆல் பெருக்கினால் உள்விட்டம் 40 மில்லிமீட்டர் எனக் கிடைக்கின்றது. அதன் வெளிவிட்டம் 90, தடிமன் 23 மில்லிமீட்டர். 6208 எண்ணுள்ள தாங்கியின் உள்விட்டமும் 40 மில்லிமீட்டர்தான். ஆனால் வெளிவிட்டம் 80, தடிமன் 18 மட்டுமே. தண்டில் பொருந்துகின்றது என்பதற்காக ஒன்றிற்குப் பதில் மற்றொன்றை வளையம் இட்டுப் பொருத்துவது தாங்கும் திறனைக் குறைத்துவிடும்.

மீளமைக்கும் முறை

கழற்றுதலும் ஆய்வும்

கழற்றுவதற்கு முன் கலப்பையின் ஒவ்வொரு பக்கமும் ஒளிப்படம் எடுக்கப்படுகின்றது. தாங்கிகளின் அருகே இருக்கும் சிம் எனப்படும் மென்தகடுகள் எந்த இடத்தில் எத்தனை இருந்தன என்று குறித்து வைக்கப்படுகின்றது. வடித்த எண்ணெயைப் பார்த்தே பழுதின் தன்மையை ஓரளவு கணிக்கலாம். பால் போன்ற நிறம், நீர் புகுந்ததைக் காட்டும். பளபளக்கும் நுண்துகள்கள் தேய்மானத்தையும், பெரிய சில்லுகள் பல் உடைந்ததையும் காட்டும்.

வார்ப்பிரும்புப் பெட்டியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். பெட்டியைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவி, சற்று நேரம் கழித்து நன்கு துடைத்துவிட்டுச் சுண்ணப்பொடி பூசினால், விரிசலுக்குள் தங்கிய மண்ணெண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். தாங்கி அமரும் துளையின் வழியே விரிசல் ஓடியிருந்தால் அப்பெட்டியைக் கழித்துவிடுவதே முறை. வேறிடங்களில் உள்ள சிறு விரிசலை நிக்கல் பற்றவைப்புக் கம்பியால், பெட்டியை மெல்லச் சூடாக்கிக் குறுகிய கோடுகளாகப் பற்றவைத்து, மெல்லக் குளிரவிட்டுச் சரிசெய்யலாம்.

பற்சக்கரப் பெட்டி

கிரவுனும் பினியனும் இணையாகவே செய்யப்பட்டு, இணையாகவே தேய்ந்து பழகுகின்றன. ஒரு பெட்டியின் கிரவுனையும் மற்றொரு பெட்டியின் பினியனையும் சேர்ப்பது பழைய உதிரிகளைக் கொண்டு செய்யும் வேலையில் அடிக்கடி நேரும் பிழையாகும். பற்களின் எண்ணிக்கை ஒத்திருந்தாலும் தொடும் பரப்பு ஒத்திராது. அவ்வாறு சேர்த்த இணை இரைச்சலுடன் ஓடி விரைவில் பல் உடையும். எனவே உதிரி வாங்கும்போது இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும்.

பொருத்திய பின் பற்களில் நீலச் சாயம் பூசிச் சுழற்றிப் பார்க்கப்படுகின்றது. சாயம் அழிந்த தடம் பல்லின் நடுப்பகுதியில் அமைய வேண்டும். தடம் விளிம்பிற்கு ஒதுங்கினால் மென்தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யப்படும். பற்களுக்கு இடையேயான தளர்வு டயல் கேஜ் கொண்டு அளக்கப்படுகின்றது.

ஆயில் சீல் எனப்படும் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் அனைத்தும் மாற்றப்படுகின்றன. வளையத்தின் உதடு உரசும் இடத்தில் தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் புதிய வளையமும் ஒழுகும். அவ்விடத்தில் கடைசல் பட்டறையில் மெல்லிய உறை ஏற்றப்படுகின்றது. பெட்டியின் மேலுள்ள காற்றுத் துளை மண்ணால் அடைபட்டிருந்தால், உட்சூட்டினால் எழும் அழுத்தம் எண்ணெயை வெளியே தள்ளும். வளையத்தைப் பலமுறை மாற்றியும் ஒழுக்கு நிற்காத பெட்டிகளில் இத்துளையை முதலில் பார்க்க வேண்டும்.

பக்க இயக்கம்

சங்கிலி வகையில், சங்கிலி நீண்டிருந்தால் அது மட்டும் மாற்றப்படக் கூடாது. நீண்ட சங்கிலியோடு ஓடிய பற்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருக்கும். அவை புதிய சங்கிலியையும் விரைவில் கெடுக்கும். பற்சக்கர வகையில், நடுச் சக்கரத்தின் தாங்கியும் அதன் ஊசித் தண்டும் முதலில் தேய்கின்றன.

சுழலி

சுழலியை இரு முனைகளிலும் தாங்கிச் சுழற்றி வளைவு பார்க்கப்படுகின்றது. ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் தாங்கிகள் நிலைப்பதில்லை. வட்டத் தகட்டின் பற்றவைப்பு விட்டிருந்தால், பழைய பற்றவைப்பை முழுவதும் அரைத்து நீக்கிய பின்பே புதிதாகப் பற்றவைக்க வேண்டும். ஒரே பக்கத்தில் தொடர்ந்து பற்றவைத்தால் சூட்டினால் குழாய் வளையும். எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பற்றவைப்பது வழக்கம். வேலை முடிந்ததும் வளைவு மீண்டும் அளக்கப்படுகின்றது.

சுழலித் தாங்கிகள் கெடுவதற்கு முதன்மைக் காரணம், செடிக்கொடிகளும் நெகிழித் தாள்களும் கம்பியும் தண்டின் முனையில் சுற்றி, எண்ணெய்த் தடுப்பு வளையத்தை அறுத்து மண் புக வழிசெய்வதே ஆகும். அதனால் முனையில் உள்ள சுற்றுத்தடுப்புத் தகடு உடைந்திருந்தால் அதையும் புதிதாகச் செய்து பொருத்த வேண்டும்.

கத்திகள்

கத்திகள் வலம், இடம் என இரு வகைப்படும். எல்லாக் கத்திகளும் ஒரே நேரத்தில் மண்ணில் இறங்காமல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும்படி திருகுச்சுருள் ஒழுங்கில் அவை பூட்டப்படுகின்றன. ஒழுங்கு தவறினால் கலப்பை குதித்து ஓடும். பற்சக்கரப் பெட்டிக்கும் அடி விழும்.

தேய்ந்த கத்தியின் நுனியில் இரும்புத் துண்டைப் பற்றவைத்து நீட்டுவதும், பழைய வில்பட்டையைக் காய்ச்சிக் கத்தி அடிப்பதும் சில இடங்களில் செய்யப்படுகின்றன. கத்தி எஃகு கடினப்படுத்தப்பட்டது. பற்றவைப்பின் சூடு பட்ட இடத்தில் அது நொறுங்கும் தன்மை பெறுகின்றது. காய்ச்சி நீரில் தோய்த்த வில்பட்டையை மீண்டும் அளவாகச் சூடாக்கிப் பதப்படுத்தாவிடின் அதுவும் கல்லில் பட்டு ஒடியும். ஒடிந்த துண்டு வேகமாகத் தெறித்து அருகில் நிற்பவரைக் காயப்படுத்த வல்லது.

மீளப் பயன்படுத்தத் தக்கவையும் தகாதவையும்

ஆய்வுக்குப் பின் பழையதாகவே பயன்படுத்தத் தக்கவை:

- விரிசல் இல்லாத பற்சக்கரப் பெட்டி
- இணை பிரியாத கிரவுனும் பினியனும்
- நேரான சுழலி
- முதன்மைச் சட்டமும் மும்முனை இணைப்புக் கொண்டிகளும்
- பின்தகடும் அதன் விற்சுருளும்

புதிதாகவே வாங்க வேண்டியவை:

- தாங்கிகள், எண்ணெய்த் தடுப்பு வளையங்கள்
- கத்திகள், கத்தி மரையாணிகள்
- இணைப்புத் தண்டின் மூட்டுகள், பாதுகாப்பு உறை
- ஷியர் போல்ட் எனப்படும் வெட்டு மரையாணி

இவற்றுள் வெட்டு மரையாணி தனிக் கவனம் பெற வேண்டியது. கத்தி கல்லிலோ வேரிலோ சிக்கும்போது தான் உடைந்து பற்சக்கரப் பெட்டியைக் காப்பதே அதன் பணி. அது அடிக்கடி உடைகின்றது என்று கருதி, அதனிடத்தில் உறுதி மிகுந்த மரையாணியையோ கம்பித் துண்டையோ போடுவது உண்டு. அப்போது மரையாணி உடையாது. அடுத்த பாகமான பினியன் உடையும். மிகக் குறைந்த விலையுள்ள பாகமே மிக அதிக விலையுள்ள பாகத்தைக் காக்கின்றது. வெட்டு மரையாணி அடிக்கடி உடைந்தால், மரையாணியை மாற்றாமல் உழும் ஆழத்தையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். கத்தி ஒழுங்கையும் சரிபார்க்க வேண்டும்.

பெட்டியும் சுழலியும் ஒருசேரக் கெட்டிருந்தால் மீளமைத்தல் இலாபம் தருவதில்லை. அத்தகைய கலப்பையை உதிரிக்காகக் கழற்றி வைப்பதே நல்லது.

சோதனை ஓட்டம்

மீளமைத்த கலப்பையில் குறித்த அளவு எண்ணெய் ஊற்றி, தரையிலிருந்து சற்றே உயர்த்திக் குறைந்த வேகத்தில் சுமையின்றி ஓட்டிப் பார்க்கப்படுகின்றது. ஒழுக்கு, சீரற்ற ஒலி, ஒரு தாங்கி மட்டும் மிகையாகச் சூடாதல் ஆகியவை கவனிக்கப்படுகின்றன. பின்னர் இளகிய நிலத்தில் ஆழமின்றி உழுது, நிறுத்தி, எல்லா மரையாணிகளும் மீண்டும் இறுக்கப்படுகின்றன. முதல் சில மணி நேர உழவுக்குப் பின் எண்ணெயை வடித்துத் துகள்களைப் பார்த்து, புதிய எண்ணெய் மாற்றப்படுகின்றது. இச்சோதனையைக் கோடை உழவின்போதே முடித்துக்கொள்வது சிறந்தது. புரட்டாசி மழைக்குப் பின் சோதிக்க நேரம் இராது.

பாதுகாப்பு

540 சுற்று வேகம் என்பது நொடிக்கு 9 சுற்றுகள் ஆகும். 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள இணைப்புத் தண்டு ஒரு நொடியில் ஏறத்தாழ 2 மீட்டர் துணியைச் சுற்றிவிடும். வேட்டி நுனி, துண்டு, புடவை முந்தானை ஆகியவை சிக்கினால் விடுவிக்க நேரம் இருப்பதில்லை. பழைய கலப்பைகளில் தண்டின் நெகிழி உறை பெரும்பாலும் உடைந்தோ காணாமற் போயோ இருக்கும். உறை இல்லாமலும் கலப்பை உழும் என்பதால் மீளமைப்பில் அதிகம் விட்டுப்போவது இப்பாகமே. உறை பொருத்தப்படாத கலப்பையின் மீளமைப்பு முழுமை பெற்றதாகக் கொள்ளலாகாது.

சுற்றிய கொடிகளை அகற்றும்போது இயந்திரத்தை நிறுத்தித் திறவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். உயர்த்திய கலப்பையின் கீழ் கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். கலப்பையின் மேல் எவரும் ஏறி நிற்கவோ சிறுவர்களை அமர்த்தவோ கூடாது.

சிவகாசி, சாத்தூர் வட்டாரத்திற்கே உரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களில் பொட்டாசியம் நைத்திரேட்டு, பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், அலுமினியத் தூள் முதலியவை கையாளப்படுகின்றன. இத்தகைய வேதிப்பொருட்கள் வைத்திருந்த பீப்பாய்களின் தகட்டை மேல்மூடிக்கு ஒட்டுப்போட எடுத்து, எரிவாயுச் சுடரால் வெட்டினால் மடிப்புகளில் தங்கிய எச்சம் தீப்பற்றலாம். என்ன வைத்திருந்தது என்று தெரியாத பீப்பாய்த் தகட்டைத் தவிர்க்க வேண்டும்.

பொருளாதாரமும் மாற்று வழிகளும்

2014-15 முதல் இந்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சுழல் கலப்பை உள்ளிட்ட கருவிகளுக்கு மானியம் வழங்கப்பட்டு வந்துள்ளது. சிறு, குறு உழவர்கள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆகியோருக்கு 50 விழுக்காடும் பிறருக்கு 40 விழுக்காடும் உச்ச வரம்புக்கு உட்பட்டு அளிக்கப்பட்டது. இம்மானியம் புதிய கருவிகளுக்கு உரியது. மீளமைத்த கலப்பைக்கு இல்லை. எனவே மீளமைப்புச் செலவை, மானியம் போக எஞ்சும் புதிய கலப்பையின் விலையோடுதான் ஒப்பிட வேண்டும்.

தமிழ்நாட்டின் வேளாண்மைப் பொறியியல் துறை உழவு இயந்திரங்களையும் கருவிகளையும் மணி வாடகைக்கு விடுகின்றது. ஆண்டில் சில நாட்களே கலப்பை தேவைப்படும் உழவருக்கு இது ஏற்றதாக அமையலாம்.

ஒரே ஆழத்தில் ஆண்டுதோறும் சுழல் கலப்பை மட்டும் ஓட்டினால், கத்திகள் எட்டும் ஆழத்திற்குக் கீழே மண் இறுகி மழைநீர் இறங்குவது குறையும். மானாவாரி நிலத்தில் இது பயிரை நேரடியாகப் பாதிக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உளிக்கலப்பை கொண்டு ஆழ உழுவது இதற்குத் தீர்வாகப் பரிந்துரைக்கப்படுகின்றது.

பிற நாடுகளில்

ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு இணையான வேலை, பழைய தோட்ட டிராக்டர்களின் புல்வெட்டும் தளங்களை மீளமைத்தல் ஆகும். இன்டர்நேசனல் ஆர்வெஸ்டர் நிறுவனம் 1961 இல் வெளியிட்ட கப் கேடட், ஜான் டியர் நிறுவனம் 1963 இல் வெளியிட்ட 110 ஆகியவை அங்கு ஆர்வலர்களால் போற்றப்படுகின்றன. இவற்றின் அடியில் உள்ள எஃகுத் தளத்தில், ஈரப் புல் ஒட்டித் தகடு இற்றுப்போகின்றது. தகட்டை ஒட்டுப்போட்டு, சுழல்கதிர்களின் தாங்கிகளை மாற்றி, மற்றொரு தளத்திலிருந்து எடுத்த கப்பிகளைப் பொருத்தி அவற்றை மீட்கின்றனர்.

இரண்டிற்கும் அடிப்படை ஒன்றாயினும் இடர் வேறுபடுகின்றது. சுழல் கலப்பைக் கத்தியின் நுனி நொடிக்கு 5 மீட்டர் அளவில் நகர்கின்றது. அங்கே முறுக்குவிசையே சிக்கல். புல்வெட்டியில் 40 சென்டிமீட்டர் நீளக் கத்தி நிமிடத்திற்கு 3,600 சுற்று சுழன்றால் அதன் நுனி நொடிக்கு 75 மீட்டரைத் தாண்டும். அங்கே வேகமே சிக்கல். அமெரிக்கத் தர விதிகள் கத்தி நுனியின் வேகத்தை நிமிடத்திற்கு 19,000 அடிக்குள் வரையறுக்கின்றன. பழைய தளத்தில் வேறு அளவுக் கப்பியை மாற்றுவோர் இவ்வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உழவு இயந்திரம்
- கரிசல் மண்
- மானாவாரி வேளாண்மை
- பற்சக்கரம்
- சாத்தூர்